பள்ளி விட்ட பிறகும் முடியாத பள்ளி வேலை: நம்ம பக்கம் எப்படி இருக்கிறது?

பவானிக்கரை டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோபி பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகள் 47 பேர். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். அந்த இரண்டில் ஒருத்தி நான். ஒன்று முதல் மூன்று வரை கூட இருக்கிற டீச்சர் பார்க்கிறார், நான்கும் ஐந்தும் என்னுடையது. தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளைத் தாண்டினால்தான் தனித் தலைமையாசிரியர் என்கிறது அதே அட்டவணை. ஆக, என்னைப் போன்றவர்களுக்குத் தலைமைப் பணி என்று ஒதுக்கிய நேரமே கிடையாது. எழுத்தரும் கிடையாது. இரண்டு வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டே மற்றதையும் பார்க்க வேண்டும்.

போன வாரம் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கூட்டல் நடத்திக்கொண்டிருந்தேன். பகுதி எண் வேறாக இருந்தால் ஏன் அப்படியே கூட்டக் கூடாது என்பது பிடிபடாமல் ஒரு பையன் தடுமாறிக்கொண்டிருந்தான். காகிதத்தை நாலாக மடித்து, அதையே எட்டாக மடித்துக் காட்டினேன். "அப்போ ஒரு கால்னா ரெண்டு அரைக்காலா டீச்சர்?" என்று அவனே கேட்டான். அந்த நேரம் பார்த்து அலைபேசியில் செய்தி: கழிப்பறைக் குழாய்கள் மொத்தம் எத்தனை, இயங்குபவை எத்தனை, 11 மணிக்குள் அனுப்பவும், மிக அவசரம். மறுபடி ஃபோனே வந்துவிட்டது. எழுந்து போய் எண்ணி அனுப்பினேன். இதே கணக்கை ஜூன் மாதமே, பள்ளி விவரங்களைப் பதிகிற அரசின் எமிஸ் தளத்தில் ஏற்றியாயிற்று. திரும்பி வருவதற்குள் மணி அடித்துவிட்டது, அந்தப் பையனுக்கு அந்தப் பாடத்தை மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எங்கள் பள்ளிக்கும் வந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். முன்பு வெறும் வயிற்றோடு வந்த, தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் இப்போது ஒன்பது மணிக்கு முகம் தெளிந்து உட்காருகிறார்கள். ஆனால் அதற்கும் சாப்பிட்டவர் எண்ணிக்கை, வருகைப் பதிவுக்கு ஒரு செயலி, வாசிப்பும் கணக்கும் எவ்வளவு வருகிறது என்று பார்க்கிற எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டில் யார் அரும்பு (தொடக்க நிலை), யார் மொட்டு, யார் மலர் (வகுப்புக்குரிய நிலை) என்ற பதிவு, வினாத்தாளைத் தரவிறக்கி நகல் எடுப்பது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகிறது. சாயங்காலம் 4:10-க்குப் பள்ளி விடுகிறோம். அப்புறம்தான் வாட்ஸாப் குழுக்கள் விழித்துக்கொள்கின்றன.

ஒரு ஆசிரியருக்கு வாரத்துக்கு 45 மணி நேரம், பாடத் தயாரிப்பையும் சேர்த்து, என்று அதே சட்டம் சொல்கிறது. அதைப் படித்த தலைமையாசிரியர்கள் எத்தனை பேர் இருப்போம்? கூட வேலை செய்கிறவர்களின் வகுப்பு நேரத்தையும் வீட்டு நேரத்தையும் காப்பாற்றிக் கொடுப்பதுதான் தலைமையின் முதல் வேலை என்று நினைக்கிறேன். மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள், சொல்லுங்க.

---

கணக்கு வாத்தியார்

டீச்சர், நான் பெருந்துறைப் பக்கம் பட்டதாரி ஆசிரியர். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவி உயர்வு வந்தபோது வேண்டாம் என்று உரிமை விடல் எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் அம்மா படுக்கையில். கிடைக்கிற இடம் எந்த மாவட்டம் என்று தெரியாது.

அதைவிடப் பெரிய காரணம், எங்கள் பள்ளித் தலைமையாசிரியரைக் கூடவே இருந்து பார்த்ததுதான். இளநிலை உதவியாளர் பணியிடம் காலி. சம்பளப் பட்டியல் அவர், அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியில் எங்கள் விடுப்பு அவர், இலவசப் பாடநூல் கணக்கு அவர், பொதுத்தேர்வு பெயர்ப்பட்டியல் அவர். நல்ல ஆங்கில ஆசிரியர். பத்தாம் வகுப்புக்கு அவர் பாடம் எடுத்தால் பக்கத்து வகுப்புப் பையன்கள் சன்னலில் நிற்பார்கள். பதவி உயர்வு வந்த பிறகு அவர் பாடம் எடுப்பதே அரிதாகிவிட்டது.

நன்றாகப் பாடம் நடத்துகிறவரைக் கொண்டுபோய்க் கோப்புக்குள் உட்கார வைக்கிறோம். பிறகு தலைமைப் பண்புப் பயிற்சி என்று கூப்பிட்டு மூன்று நாள் படக்காட்சி காட்டுகிறோம். அந்த மூன்று நாளும் அவர் பள்ளியில் இல்லை என்பதுதான் மிச்சம்.

---

தறிக்காரர், சோமனூர்

கோபித்துக்கொள்ளக் கூடாதுங்க, மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நான் தறி ஓட்டுகிறேன். 12 மணி நேர ஷிஃப்ட். நூல் விலை ஏறினால் கூலி கேட்க முடியாது, கரண்ட் போனால் காசில்லை. எனக்கு ஞாயிறு ஒரு நாள்தான் பகல் வெளிச்சம். நீங்கள் 4:10-க்கு மணி அடிக்கிறது என்கிறீர்கள், சனி ஞாயிறு, காலாண்டு, அரையாண்டு, மே மாதம் எல்லாம் லீவு. அரசாங்கச் சம்பளம்.

என் பெண் நாலாம் வகுப்பு, அரசுப் பள்ளிதான். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியை விரலை வைத்து வைத்துத்தான் படிக்கிறாள். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் முதல் வார்த்தை என்ன என்று மறந்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் எல்லாம் காலை ஏழு மணிக்கு மெட்ரிக் பள்ளி வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. என் வீட்டுக்காரி தினமும் கேட்கிறாள், நாமும் கடன் வாங்கியாவது மாற்றிவிடலாமா என்று. உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் என் பெண்ணின் படிப்புக்கு யார் பொறுப்பு?

---

பவானிக்கரை டீச்சர்

அண்ணா, கோபிக்க என்ன இருக்கிறது? நீங்கள் கேட்டது சரியான கேள்வி. உங்கள் பெண்ணின் படிப்புக்குப் பொறுப்பு அவள் டீச்சர்தான், அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர்தான். அதை நான் வேறு யார் மேலும் தள்ள மாட்டேன். விடுமுறை இருக்கிறது, சம்பளமும் மாதம் பிறந்தால் வருகிறது, மறுக்கவில்லை.

விரலை வைத்துப் படிக்கிற பிள்ளைக்குத் தினம் இருபது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வைத்தால் ஒரு பருவத்துக்குள் விரல் தானாக எடுபட்டுவிடும். என் வகுப்பில் அப்படி வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த இருபது நிமிடத்தைத்தான் குழாய் எண்ணவும் புகைப்படம் ஏற்றவும் எடுத்துக்கொள்கிறார்கள். என் சாயங்காலத்துக்காக மட்டும் இந்த இழையைத் தொடங்கவில்லை.

நாளைக்கே போய் அந்த டீச்சரிடம் கேளுங்கள், என் பெண் எந்த நிலையில் இருக்கிறாள், மலருக்கு வர என்ன செய்யப் போகிறீர்கள் என்று. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

---

திம்பத்துக்கு மேலே

தாளவாடிப் பக்கம் மலைக் கிராமப் பள்ளி. 27 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும், இரவில் அந்தப் பாதையில் போக்குவரத்துக் கட்டுப்பாடு. சத்தியமங்கலத்தில் குடும்பத்தை வைத்துவிட்டு வாரத்தில் ஐந்து நாள் இங்கேயே வாடகை அறையில் தங்குகிறேன். ஆக, வீட்டு நேரம் என்ற பேச்சே எனக்கு வெள்ளி சாயங்காலம்தான் தொடங்கும். பையன் ஏழாவது படிக்கிறான். வாரம் முழுக்க நடந்ததை வெள்ளி இரவு ஒரே மூச்சில் சொல்லி முடிப்பான்.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். முதல் வகுப்பில் "மனே" என்பான், நான் "வீடு" என்பேன். இரண்டும் அவனுக்கு ஒட்டும் வரை பொறுமையாக இருக்க வேண்டும். அது அழகான வேலை, அதற்காகத்தான் இங்கே கேட்டு வந்தேன். ஆனால் பள்ளிக்குள் சிக்னல் கிடையாது. வருகைப் பதிவு ஏற்ற மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேட்டில் ஏறி நிற்க வேண்டும். மழைக் காலத்தில் அங்கேயும் கிடைக்காது. பத்து மணிக்கு "உங்கள் பள்ளி இன்னும் பதியவில்லை" என்று குழுவில் சிவப்பு நிறத்தில் பட்டியல் வரும். பிள்ளைகள் எல்லாரும் வந்திருக்கிறார்கள், நானும் இருக்கிறேன், பட்டியலில் மட்டும் பள்ளி திறக்கவில்லை. முதல் வருடம் அந்தச் சிவப்பைப் பார்த்தால் சோறு இறங்காது.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது கூட இருந்த ஆசிரியருக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணி. ஊர் ஊராகப் படிவம் கொடுத்து, நிரப்பி, வாங்கி, ஏற்ற வேண்டும். யானை நடமாட்டம் இருக்கிற இடம், இருட்டுவதற்குள் திரும்பியாக வேண்டும். அந்த மாதம் முழுக்க ஐந்து வகுப்புக்கும் நான் ஒருவன். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்தும் ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தலும் ஒரே அறையில். பெரிய பிள்ளைகளைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துச் சமாளித்தேன். அதைச் சமாளிப்பு என்றுதான் சொல்ல முடியும், படிப்பு என்று சொல்ல முடியாது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஆசிரியரைக் கல்வியல்லாத பணிக்கு அனுப்பக் கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றும் விலக்கு. 2027 கணக்கெடுப்பு வேறு வருகிறது. சட்டப்படிதான், போவோம். போகிற நாட்களுக்கு ஈராசிரியர் பள்ளிக்கு மாற்று ஆளை அனுப்புங்கள் என்பது மட்டும்தான் என் கோரிக்கை.

---

முன்னாள் வட்டாரம்

நான் வட்டாரக் கல்வி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். அலுவலகத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

அந்தக் குழாய்க் கணக்கு எமிஸில் இருந்தது உண்மை. வட்டார உள்நுழைவிலேயே பள்ளிவாரியாக எடுக்கலாம். ஆனால் காலை 10 மணிக்கு மாவட்டத்திலிருந்து ஒரு படிவம் வரும், அதன் கட்டங்கள் எமிஸ் அறிக்கையின் கட்டங்களோடு ஒத்துப்போகாது. தொடக்கக் கல்வி ஒரு படிவம், ஒன்றிய அரசு நிதியும் வருகிற சமக்ர சிக்ஷா திட்டம் ஒரு படிவம், ஆட்சியர் ஆய்வுக் கூட்டத்துக்கு ஒன்று, சத்துணவுப் பிரிவுக்கு ஒன்று. ஒரே கிணற்றில் நாலு பேர் தனித்தனிக் கயிறு விடுவது மாதிரி. வட்டார அலுவலகத்தில் கணினி தெரிந்தவர் ஒருவர், அவரும் மாற்றுப் பணி. பன்னிரண்டு மணிக்குக் கூட்டம். எடுத்துத் தொகுக்க நேரமில்லை, உடனே வாட்ஸாப்பில் "மிக அவசரம்" என்று போட்டுவிடுவோம். அறுபது எழுபது பள்ளிகளின் வகுப்பறை அந்த ஒரு செய்தியால் நின்றுபோகும் என்று அலுவலகத்தில் யாரும் கணக்குப் போடுவதில்லை.

வட்டாரக் கல்வி அலுவலர் பணியே பள்ளிக்குப் போய்ப் பாடம் கவனிப்பதற்குத்தான். பின்பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடவேளை முழுக்கப் பார்த்து, அப்புறம் ஆசிரியரோடு மரத்தடியில் பேசினால் கிடைக்கிற பயன் எந்தப் பயிற்சியிலும் இல்லை. 2018-இல் நிர்வாகத்தை ஒன்றாக இணைத்தார்கள், 2022-இல் தொடக்கக் கல்விக்குத் தனி மாவட்டக் கல்வி அலுவலர் என்று மறுபடி பிரித்தார்கள். பெயர்ப்பலகை மாறியது. அலுவலர் பள்ளிக்குப் போகிற நேரம் கூடவில்லை.

ஒரு வேண்டுகோள். பக்கத்துப் பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்த குறுவள மையத்துக்கு ஒரு எழுத்தர் போட்டால் போதும். பத்துப் பதினைந்து பள்ளிகளின் பதிவு வேலையை அவர் பார்ப்பார். ஒவ்வொரு பள்ளிக்கும் எழுத்தர் கேட்டால் நிதித்துறை சிரிக்கும், இதைக் கேட்டால் யோசிக்கும்.

---

பனியன் ஊர் டீச்சர்

திருப்பூர் மாநகருக்குள் இருக்கிறேன். எங்களுக்கு எதிர்ப் பிரச்சினை, பிள்ளைகள் நிறைய. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் தமிழ் வழியில் சேர்கிறார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் பொங்கல் தாண்டித்தான் வருவார்கள், சிலர் வரவே மாட்டார்கள். வேறு ஊர் கம்பெனிக்கு அப்பா மாறிவிட்டார் என்று தெரிய ஒரு மாதமாகும். அதுவரை அந்தப் பெயரை எமிஸில் என்ன செய்வது என்று தினமும் விளக்கம் சொல்ல வேண்டும்.

எனக்கு மூன்று வயதில் பையன் இருக்கிறான். 2021-இல் மகப்பேறு விடுப்பை 12 மாதமாக்கியது எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவித்தவளுக்குத்தான் தெரியும். ஆனால் என் இடத்துக்கு யாரையும் போடவில்லை. என் வகுப்பை இரண்டாகப் பிரித்து மற்ற இரண்டு பேருக்குக் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. எனக்குச் சட்டப்படி கிடைத்த விடுப்பின் சுமையைத் தங்கள் குரலில் தாங்கினார்கள். பள்ளி மேலாண்மைக் குழு மூலம் 12,000 ரூபாய்க்குத் தற்காலிக இடைநிலை ஆசிரியர் எடுக்கலாம் என்ற வழி காலிப் பணியிடங்களுக்கு இருக்கிறது. விடுப்புக் காலத்துக்கும் அதையே தாராளமாக அனுமதித்தால் என்ன?

இன்னொன்று யாரும் எழுதவில்லை. ஆசிரியர் ஓய்வறைக்குள்ளேயே இரண்டு சாதி மாதிரி சம்பளம். 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அன்று நிர்ணயித்த அடிப்படைச் சம்பளம் 8,370, ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே வேலை, ஒரே பிள்ளைகள். இத்தனை வருடம் போராடியும் அந்த வெட்டு ஆறவில்லை. இதற்கு மேல், 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருக்கிறவர்கள் 2 ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். 5 ஆண்டுக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் தேர்வு எழுதாமலே பணியில் இருக்கலாம், பதவி உயர்வு கிடையாது. எங்கள் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பு எடுத்த அக்கா, எத்தனையோ பிள்ளைகளுக்கு "அ" போடச் சொல்லிக் கொடுத்தவர், இப்போது இரவு பதினொன்றரை மணிக்கு உளவியல் வினா வங்கி புரட்டுகிறார். அவர் வகுப்பை ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு அவர் தகுதியைச் சொல்லுங்கள் என்று யாரிடமாவது கேட்க வேண்டும் போல இருக்கிறது.

---

கணக்கு வாத்தியார்

பணம் பற்றியும் ஒரு வரி. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. தில்லிக்கும் சென்னைக்கும் நடக்கிற சண்டை என்று பேப்பரில் படிக்கிறோம். கடைசியில் அது வந்து விழுகிறது பள்ளி மானியத்தின் மேல். 31 முதல் 100 பிள்ளைகள் இருக்கிற பள்ளிக்கு வருடத்துக்கு 25,000 ரூபாய். சுண்ணாம்பு, சாக்பீஸ், நகல், குழாய் ரிப்பேர் எல்லாம் அதில்தான். அது தாமதமானால் தலைமையாசிரியர் பையில் கை விடுகிறார். பவானிக்கரை டீச்சரும் விட்டிருப்பார், சொல்லவில்லை.

---

பவானிக்கரை டீச்சர்

விட்டதுண்டுங்க சார். நகல் எடுக்கிற கடைக்காரர் கணக்கு வைத்துக்கொள்கிறார்.

எங்கள் பள்ளியில் செய்துகொண்ட சில ஏற்பாடுகளைச் சொல்கிறேன், யாருக்காவது உதவலாம். முதலாவது ஒரு நோட்டு. நாற்பது பக்க நோட்டுதான். வழக்கமாகக் கேட்கிற எல்லா எண்ணிக்கையும் அதில் இருக்கும்: வகுப்புவாரி, இனவாரி, ஆண் பெண், மாற்றுத்திறன் பிள்ளைகள், குழாய், கழிப்பறை, மேசை, மின்விசிறி, சுற்றுச்சுவர் நீளம், மின் இணைப்பு எண், கட்டடம் கட்டிய ஆண்டு. மாதத்தின் முதல் வேலை நாளில் மாறியதை மட்டும் திருத்துவேன். யார் என்ன கேட்டாலும் அந்தப் பக்கத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுவேன். குழாய் விஷயத்துக்குப் பிறகு இயங்குபவை என்ற கட்டத்தையும் சேர்த்தாயிற்று.

பாடவேளையில் என் அலைபேசி பீரோவுக்குள் இருக்கும். இடைவேளையில் எடுத்துப் பார்ப்பேன். அவசரம் என்றால் சத்துணவு அமைப்பாளர் அம்மாவின் எண்ணுக்கு அழைக்கச் சொல்லி அலுவலகத்துக்கு எழுத்திலேயே கொடுத்துவிட்டேன். முதலில் முகம் சுளித்தார்கள். எழுத்தில் இருந்ததால் யாரும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. உண்மையான அவசரத்துக்கு அந்த அம்மாவுக்கு அழைப்பு வந்தது மிகக் குறைவு.

கூட இருக்கிற டீச்சருக்கு மாலை ஆறு மணிக்கு மேல் நான் எதுவும் அனுப்புவதில்லை. மாவட்டத்திலிருந்து எட்டு மணிக்கு வந்தாலும் காலையில்தான் சொல்வேன். அவருக்கு வீட்டில் இரண்டு மாடு, மாமியாருக்கு டயாலிசிஸ். அவர் நிம்மதியாகத் தூங்கி வந்தால்தான் ஒன்றாம் வகுப்பு ஓடும். மேலிருந்து வருகிற அழுத்தம் என்னோடு நிற்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் என் கைக்குள் இருப்பவை. எழுத்தரும் மாற்று ஆசிரியரும் என் கையில் இல்லை. முன்னாள் வட்டாரம் ஐயா சொன்ன குறுவள மைய எழுத்தர் யோசனையை எப்படி மேலே கொண்டுபோவது என்றுதான் தெரியவில்லை.

---

தறிக்காரர், சோமனூர்

டீச்சர், நீங்கள் சொன்ன மாதிரி பள்ளிக்குப் போனேன். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு போனேன். அந்த டீச்சர் ஒரு நோட்டை எடுத்து என் பெண் எந்த எழுத்தில் தடுமாறுகிறாள் என்று காட்டினார். ற, ர இரண்டும், அப்புறம் கூட்டெழுத்து மாதிரி வருகிற இடங்கள். அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது. உட்கார நேரம் இல்லை என்று சொன்னபோது அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேறு பள்ளிக்கு மாற்றுகிற பேச்சை இந்த வருடத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம்.

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர்தான். இதுவரை கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். அடுத்த கூட்டத்தில் இந்த எழுத்தர் விஷயத்தைத் தீர்மானமாகப் போட முடியுமா? பெற்றவர்கள் கேட்டால் மரியாதை இருக்குமா?

---

முன்னாள் வட்டாரம்

போடுங்கள் தம்பி. ஆசிரியர் கேட்டால் சங்கக் கோரிக்கை என்று கோப்பில் வைப்பார்கள். பெற்றோர் தீர்மானம் வந்தால் பதில் எழுதியாக வேண்டும். நம் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார்கள். ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், கூடவே ஆசிரியர் வேண்டும் என்று மேடையிலேயே கேட்டார்கள். கேட்கிற உரிமை அன்றைக்கே நம் ஊர்க்காரர்களுக்கு இருந்தது.

தீர்மானத்தில் இரண்டே விஷயம் வையுங்கள். குறுவள மையத்துக்கு ஒரு பதிவு எழுத்தர். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கணக்கெடுப்புக்கோ நீண்ட விடுப்பிலோ போனால் அந்த நாட்களுக்கு மாற்று ஆள். சட்டத்தின் 27-ஆம் பிரிவையும் வாரம் 45 மணி நேரத்தையும் எண் போட்டுக் குறிப்பிடுங்கள். நகல் வட்டாரத்துக்கு ஒன்று, மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலருக்கு ஒன்று. அனுப்பியதற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

---

திம்பத்துக்கு மேலே

எங்கள் பள்ளிக் குழுவிலும் போடுகிறோம். மலைப்பள்ளிக்கு வருகைப் பதிவைச் சிக்னல் கிடைக்கும்போது ஏற்றலாம் என்ற மூன்றாவது வரியை எங்கள் தீர்மானத்தில் சேர்க்கிறேன். பவானிக்கரை அக்கா, அந்த நோட்டின் தலைப்புகள் இருக்கிற முதல் பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போடுங்க. பிள்ளைகள் பெயர் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பவானிக்கரை டீச்சர்

நாளை மதிய இடைவேளையில் போடுகிறேன் தம்பி. சிக்னல் எந்தப் பக்கம் கிடைக்கும் என்று ஒரு கட்டம் உங்களுக்காகக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிற ஆசிரியருக்கு முதல் நாளே தேவைப்படும்.